இடப்பக்கம் வந்து நின்ற மருத்துவருக்கு

அன்புடையீர்,

செவிப்பறை ஓட்டையை ஒட்டுப் போட்டு மூடிய என் வலக் காதின் கதையை உங்களில் பெரும்பாலோர் உடனிருந்து பார்த்தவர்கள். அதை மீண்டும் விரிக்கப் போவதில்லை. நேற்று மருத்துவர் நுண்நோக்கியில் பார்த்துவிட்டு, "ஒட்டு பிடித்துவிட்டது" என்றார். அந்த நடுக்கம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன்.

அறுவைச் சிகிச்சை நடந்த மறுநாள் இரவு, கட்டை அவிழ்த்த பிறகும் வலப்பக்கம் எதுவும் கேட்காததால், இருந்த செவித்திறனும் போய்விட்டது என்றே முடிவுசெய்து அழுதுகொண்டிருந்தேன். பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய பயிற்சி மருத்துவர் ஒருவர் அருகில் வந்து ஏதோ சொன்னார். நான் விழிப்பதைக் கண்டதும், கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்த இசைக்கவையைத் தன் முழங்கையில் தட்டி, அதன் அடிக்காம்பை என் நெற்றியின் நடுவில் வைத்து, "எந்தக் காதில் கேட்கிறது?" என்றார். வியப்பாக இருந்தது: செத்துவிட்டதாக நான் நினைத்த வலக் காதில்தான் அந்த ரீங்காரம் ஒலித்தது. உட்செவி நன்றாக இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார்.

பிறகு ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து அந்த அடைப்பையும் விளக்கினார். செவிப்பறையின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், காதுக்கு மேலுள்ள தசையின் உறையிலிருந்து எடுத்த ஒட்டு சரிந்துவிடாமல் தாங்கவும், புண்ணான பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விலக்கி வைக்கவும் நடுக்காதில் ஹயலூரானிக் அமிலத்தால் ஆன பஞ்சை வைத்திருக்கிறார்கள், ஈரம் பட்டதும் அது கூழாகி, நாளடைவில் உடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தோலிலும் மூட்டு நீரிலும் இயல்பாகவே இருக்கும் இந்தப் பொருளை 1934-இல் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்களாம். கண்ணில் பிறந்தது காதுக்கு வந்து காவல் இருக்கிறது என்று நினைத்தபோது, அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பஞ்சே எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று அவர் மிகைப்படுத்தவும் இல்லை. ஒட்டுக்கு இரத்த ஓட்டம் வந்து சேரும்வரை அது துணை நிற்கும், மீதி உடலின் வேலை என்றார். அந்த நேர்மைதான் என்னைத் தூங்க வைத்தது.

அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், செவிலியர்கள், கேள்வித்திறனைச் சோதித்தவர்கள், வாரக்கணக்கில் என் இடப்பக்கமாகவே நடந்து வந்த நண்பர்கள் அனைவருக்கும் என் நன்றி. மூக்கைப் பலமாகச் சிந்த மாட்டேன், தும்மினால் வாயைத் திறந்தே தும்முவேன், நீங்கள் சொல்லும்வரை காதில் ஒரு சொட்டு நீர் படவிட மாட்டேன்.

பயிற்சி மருத்துவருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நீங்கள் முதலில் சொன்னது உங்கள் பெயராகத்தான் இருக்க வேண்டும். கேட்காத பக்கம் நின்று சொன்னதால் அது என்னை எட்டவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, தயவுசெய்து வலப்பக்கம் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள்.