நூலகத் திருவிழா மேடைல நம்ம கடக்கரை ஆளுங்க ஏறணும்: லைப்ரரி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள லைப்ரரி அக்காவுக்கு,

நூலக வாசல்ல ஒட்டியிருந்த நோட்டீஸ் பாத்தேன். உள்ளூர் எழுத்தாளர்கள், கவிதை, வாசிப்புன்னு திருவிழா நடத்தப் போறோம், யோசனை இருந்தா எழுதிக் குடுங்கன்னு போட்டிருந்தீங்க. எழுத உக்காந்தா ஒரு தாள்ல அடங்கல, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கயே எழுதிட்டேன், நம்ம பக்கத்து ஆளுங்க நாலு பேரு படிச்சுட்டு அவுங்களும் ஏதாச்சும் சொல்லட்டும்.

முதல்ல தேதி. நூலக வாரம் நவம்பர் 14லேருந்து 20 வரைக்கும், விழான்னா அப்பத்தான்னு ஒரு வழக்கம் இருக்கு. ஆனா நம்ம ராமநாதபுரம் கரைக்கு அது மழையும் வாடைக் காத்துமா இருக்குற நேரம், பொழுது சாஞ்சா ரோட்ல ஆள் இருக்காது, பந்தல் போட்டா பந்தல் நிக்காது. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்குல்ல, அதுல வைங்க அக்கா. விசைப்படகெல்லாம் கரைல நிக்கும், பகல்ல போட்டு மராமத்து, வலை வேலைன்னு இருந்தாலும் சாயங்காலம் ஆம்பளைங்க ஊர்ல இருப்பாங்க, பிள்ளைங்களுக்கும் லீவு. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவுங்களுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை சேத்துக்கிட்டா சரியாப் போகும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். மேடைல யாரு ஏறுறது? மதுரை, சென்னைலேருந்து பேச்சாளர் வரட்டும், நானும் முன்வரிசைல உக்காந்து கேப்பேன். ஆனா உள்ளூர் எழுத்தாளர் விழான்னு பேரு வச்சுட்டு உள்ளூர்க்காரங்களுக்குக் கடைசில அஞ்சு நிமிசம் குடுக்குறது வேணாம் அக்கா. சிறப்பு விருந்தினர் கார் வர்ற வரைக்கும் கவிதை வாசிக்க வந்த பிள்ளைங்க பேப்பரைக் கைல வச்சுக்கிட்டு வாடிப் போயிருதுங்க. அதுங்க முதல்ல வாசிக்கட்டும், வர்ற விருந்தினர் உக்காந்து கேக்கட்டும்.

நம்ம கரைக்கு எழுத்து ஒண்ணும் புதுசு இல்ல. செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு பழமொழியா சொல்றோம், அந்த வள்ளல் கீழக்கரைக்காரர்னு எத்தனை பிள்ளைங்களுக்குத் தெரியும்? நபிகள் நாயகத்தோட வாழ்க்கையச் சொல்ற சீறாப்புராணத்த உமறுப் புலவரைப் பாடச் சொன்னவரே அவருதான், பாடி முடிக்கிறதுக்குள்ள அவரு காலமாகி, அப்புறம் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரிச்சுத்தான் காப்பியம் வெளிவந்துச்சு. அதே கீழக்கரைல 1898ல காலமான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இருந்தாங்க, அரபி எழுத்துல தமிழ எழுதுற அர்வியில அவுங்க எழுதுனதை வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து வாசிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. அர்வி வாசிக்கத் தெரிஞ்ச பெத்தம்மா ஒருத்தரையாவது கூட்டிட்டு வந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லணும். தாயுமானவர் அடங்குனது ராம்நாட்லதான். ராம்நாட்ட ஆண்ட சேதுபதி மன்னர்களோட செப்பேடுகளத் தேடித் தேடித் தொகுத்த எஸ்.எம். கமாலும் நம்ம மாவட்டத்துக்காரர், அவருக்குன்னே ஒரு அமர்வு வைக்கலாம்.

இது எல்லாம் தாள்ல இருக்குறது. தாள்ல ஏறாம வாயோட இருக்குறதுதான் எனக்குப் பெரிய கவலை. கரைவலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டு இருக்கே, ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க பின்பாட்டுப் பாடி அந்தத் தாளத்துக்குத்தான் அம்புட்டுப் பேரு கையும் ஒண்ணா இழுக்கும். கரைவலை குறைஞ்சு போச்சு, இழுக்க அங்கங்க மெசின் வந்துருச்சு, கைக்குத் தாளம் தேவைப்படலன்னா பாட்டும் தேவைப்படாது, முழுசாத் தெரிஞ்சவங்க இப்ப வயசாளிங்க மட்டும்தான். அதே மாதிரி கடல்பாசி எடுக்குற அக்காமாரு. கண்ணாடி மாட்டி விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி முங்கிப் பாறைலேருந்து பாசி பிய்க்கிறவங்க, 1986ல மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா வந்ததுக்கப்புறம் தீவுப் பக்கம் போறதுக்கே அவுங்க பட்ட பாட்ட அவுங்க வாயால கேட்டா ஒரு நாவலுக்குண்டான கதை இருக்கும். கடலைப் பத்தி எழுதுன கவிதைய மேடைல வாசிக்கிறோம், தினமும் கடலுக்குள்ள எறங்குறவங்க கீழ நாற்காலில உக்காந்து கைதட்டணுமா? அவுங்களைக் கூப்புடுங்க, அன்னைக்குக் கூலி போகுமேங்கிறதுக்காக அதுக்குண்டான பணத்தையும் குடுங்க.

தனுஷ்கோடி புயலும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி பத்து வயசா இருந்தவங்களுக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு. அவுங்க சொல்லச் சொல்ல காலேஜ் பிள்ளைங்க ரெண்டு பேரு போன்ல பதிவு பண்ணி, கேட்டு எழுதி, சொன்னவங்க சம்மதத்தோட அவுங்க பேரையே போட்டு நூலகத்துல வைக்கணும். இதுல தள்ளிப் போட நேரமே இல்ல அக்கா.

அடுத்து புத்தகம். நம்ம பக்கம் கவிதை எழுதுறவங்க பாதிப் பேரு சொந்தக் காசப் போட்டு அச்சடிக்கிறவங்கதான். அரசு நூலகங்களுக்கு வாங்குற லைப்ரரி ஆர்டர் கிடைச்சா உண்டு, இல்லன்னா கட்டில் அடில கட்டு கட்டா கெடக்கும், சொந்த ஊர் நூலகத்துலயே அந்தப் புத்தகம் இருக்காது. நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற ரங்கநாதன் 1931லயே சொல்லிட்டாரு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டுன்னு. பாம்பன்லயோ தொண்டிலயோ எழுதுன புத்தகத்துக்கு முதல் வாசகர் இங்கிட்டுதான இருக்கணும்? அதனால விழாவுக்காக மூணு நாளைக்கு மேசை போட்டு அடுக்கிட்டு அப்புறம் எடுத்து வைக்காம, உள்ளூர் எழுத்துன்னு நிரந்தரமா ஒரு அலமாரி ஒதுக்குங்க. கடல் பாத்த ஜன்னல் பக்கம் மட்டும் வேணாம். உப்புக் காத்துல ஸ்டேப்ளர் பின் துருப்புடிச்சு நடுத்தாள் கழண்டு வந்துரும், சின்னச் சின்ன கவிதைப் புத்தகம் பூராம் பின் அடிச்சதுதான், வாங்குன உடனே நூல் தையல் போட்டுட்டா நிக்கும்.

காசு எங்கேருந்துன்னு கேப்பீங்க. பொன்னாடைய விட்டுருவோம் அக்கா. ஒரு விழாவுல எத்தனை சால்வை, வீட்டுக்குப் போனா பீரோலதான் கெடக்குது. அந்தக் காசுக்கு எழுதுனவங்ககிட்டயே அவுங்க புத்தகத்த விலை குடுத்து வாங்குவோம், சும்மா வாங்கக் கூடாது. முடிஞ்சா 1000 ரூபா கட்டி அவுங்க பேர்ல நூலகப் புரவலரா சேத்துவிடலாம். 1948ல நூலகச் சட்டம் வந்ததுலேருந்து வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான கட்டுறோம், இது நம்ம நூலகம், மீதிக்கு வாசகர் வட்டத்துல நாங்க கை குடுக்குறோம்.

கலாம் ஐயா சின்னப் பிள்ளையா இருந்தப்ப ராமேஸ்வரத்துல எஸ்.டி.ஆர். மாணிக்கம்னு ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் வாங்கிப் படிச்சதா அவரே எழுதியிருக்காரு. கேக்குற பிள்ளைக்குக் குடுக்க ஒரு வீட்ல புத்தகம் இருந்துச்சு. அதனால விழா நாள்ல உறுப்பினர் அட்டை இல்லாத பிள்ளைங்களுக்கு அங்கயே ஃபார்ம் எழுதிச் சேக்கணும், பெத்தவங்க கையெழுத்துக்கு அலைய விடாம வாசகர் வட்டத்து ஆளுங்களே வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துருவோம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடின்னு ஊர் ஊரா எழுதுறவங்க, பாட்டுத் தெரிஞ்சவங்க லிஸ்ட் ஒண்ணு போட ஆரம்பிச்சுட்டேன். திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கம் எனக்கு ஆள் தெரியாது, அங்கிட்டு யாரையாவது நீங்க விசாரிங்க. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நோட்டோட வர்றேன், தேதிய அன்னைக்கே பேசி முடிச்சுருவோம்.

அன்புடன்,
உங்க வாசகர் வட்டத்துத் தம்பி