சினை ஊசி போடும் முன் கன்று போட்ட மாட்டைப் பாருங்கள்

எங்கள் மாவட்டக் கால்நடைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்த முகாமில் உங்களில் ஒருவர், "மாடு சினை பிடிக்கலைன்னா நீங்க பருவத்தைச் சரியா பார்க்கலைன்னு அர்த்தம்" என்று சொன்னார். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கே எழுந்து பேச வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை.

நான்கு கறவை வைத்திருந்தேன், இப்போது மூன்று. விற்றது ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து. கன்று போட்ட அன்று சாயங்காலம் நன்றாகத்தான் நின்றது. இரவு இரண்டு மணிக்குக் கட்டுத்தரைக்குப் போனால் படுத்துக் கிடக்கிறது. கழுத்தை மடித்துத் தலையை விலாவில் சாய்த்திருந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பேர்தான் பால் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது; ரத்தத்தில் கால்சியம் இறங்குவதால் வருவது. கால்சியம் பாட்டில் கடையில் கிடைக்கும். ஆனால் நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? படுத்த மாட்டுக்கு வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். ஒரு பக்கமாகச் சரிந்தால் வயிறு உப்பிச் செத்துப்போகும். அதனால் வைக்கோலை மூட்டையாகக் கட்டி முட்டுக் கொடுத்து, நானும் மாமியாரும் விடியும்வரை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போனை எடுக்க ஆளில்லை. காலை எட்டரைக்கு டாக்டர் வந்து பாட்டில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் ஏப்பம் விட்டது, சாணி போட்டது, எழுந்து நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மருந்தகத்தை ஒரே ஆளாகப் பார்க்கிறார்.

எழுந்து நின்றதோடு உங்கள் பதிவேட்டில் அந்த மாட்டின் கணக்கு முடிந்தது. எங்கள் பாடு அதற்குப் பிறகுதான்.

மறுநாளும் நஞ்சுக்கொடி விழவில்லை. கால்சியம் இறங்கினால் கருப்பைக்கும் சுருங்க வலு இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் வாரம் அடர்தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கியது, சோளத்தட்டை மட்டும் கடித்தது. மூச்சில் கனிந்துபோன பழம் மாதிரி ஒரு வாசனை. பாலும் இறங்கியது. இடுப்பெலும்பு இரண்டும் துணி மாட்டலாம் போலத் துருத்திக்கொண்டு நின்றன. பால் ஆறேழு வாரத்தில் உச்சத்துக்குப் போய்விடுகிறது, அந்தப் பாலுக்கு ஈடாக மாடு தின்ன ஆரம்பிக்க அதற்கும் மேல் சில வாரம் ஆகிறது. நடுவில் தன் கொழுப்பைக் கரைத்துத்தான் கறக்கிறது. அப்படிக் கரைகிற உடம்பில் கருமுட்டை உண்டாகிற சூலகம் அடங்கிப்போகும். மூன்று மாதம்வரை பருவமே வராத மாட்டிடம் நான் எந்தப் பருவத்தைப் பார்த்திருக்க வேண்டும்?

நான்காம் மாதம் பருவத்துக்குக் கத்தியது. ஒழுக்கு கண்ணாடி மாதிரி இல்லை, தயிர்த் திப்பி போல வெள்ளை கலந்திருந்தது. சினை ஊசி போட வந்தவரிடம் காட்டினேன். பார்த்தார், ஊசி போட்டார். 21 நாள் கழித்து மறுபடி, அப்புறம் மறுபடி, மொத்தம் நான்கு. உள்ளே கைவிட்டது குழலை வைக்க மட்டும்தான். கருப்பையில் சீழ் இருக்கிறதா, சூலகம் எப்படி இருக்கிறது என்று ஒரு முறைகூடத் தடவிப் பார்த்துச் சொல்லவில்லை. பால் வற்றியது. சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் என் மாமனாரின் விரலைப் பிடித்துச் சொன்ன விலை, கறிக்குப் போகிற மாட்டின் விலை. அதன் கன்று இன்னும் கட்டுத்தரையில் நிற்கிறது.

நான் கேட்பது இரண்டுதான். கன்று போட்ட ஒவ்வொரு மாட்டையும் முதல் மாதத்துக்குள் ஒரு முறை, முதல் சினை ஊசிக்கு முன் ஒரு முறை, டாக்டர் ஒருவர் கைவைத்துச் சோதிக்க வேண்டும். கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைகிற மாட்டின் மூத்திரம் பட்டால் ஊதாவாக மாறுகிற அந்த ரோத்தெரா பொடி ஒவ்வொரு மருந்தகத்திலும் இருக்க வேண்டும். பெரிய செலவில்லை.

மாடு வாங்கக் கடன் தருகிறீர்கள். பாலினம் பிரித்த விந்தூசி போட்டால் பெரும்பாலும் கிடேரிதான் பிறக்கும் என்று சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். எத்தனை ஊசி என்று மாதாமாதம் கணக்குக் கேட்கிறீர்கள். அந்த ஊசிகளில் எத்தனை சினையாக நின்றது, நிற்காத மாடு எங்கே போனது என்று யாராவது கேட்டீர்களா? காலியிடத்தை நிரப்பாமல் ஒரே டாக்டரை மூன்று ஊருக்கு ஓடவிட்டு, கடைசியில் பழியைக் கட்டுத்தரையில் நிற்கும் பெண்கள் தலையில் வைப்பது என்ன நியாயம்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்க வேண்டும். எங்கள் செவலை அடுத்த மாதம் கன்று போடும், நான்காம் ஈத்து. தாது உப்பு விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடிந்தது அது. போட்ட பிறகு ஊசிக்கு முன்னால் ஒரு முறை வந்து சோதித்துச் சொல்ல ஆள் அனுப்புங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என்றைக்கு என்று சொன்னால் போதும், சங்கத்தில் பால் ஊற்றும் மற்ற வீடுகளின் மாடுகளையும் அன்றைக்கு ஒரே இடத்தில் கட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்று கறவை வைத்திருக்கும் ஒருத்தி