இடிக்கிற அனுமதியை வாசலில் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கட்டடமாவது பச்சை வலைக்குள் இருக்கிறது. தனி வீடுகள் ஜாயின்ட் வென்ச்சரில், அதாவது இடம் உரிமையாளருடையது, கட்டுவது பில்டர், ஃப்ளாட்கள் இருவருக்கும் பங்கு என்கிற ஏற்பாட்டில், பில்டரிடம் போய்ப் பல வருடமாகிறது, இப்போது எண்பதுகளில் கட்டிய ஃப்ளாட்களும் வரிசையில் வந்துவிட்டன. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டமும் வழி செய்துவிட்டது. சரி, கட்டுகிறவர்கள் கட்டட்டும். அதற்கு முன்னால் இடிக்கிறார்களே, அந்த அனுமதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் வீடு, இடிப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறைய பேர். மாநகராட்சியைக் கேட்கத்தான் வேண்டும். பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது என்று வைக்கிற தாள்கள் எல்லாம் இடம் யாருடையது, பாக்கி உண்டா என்று பார்ப்பதற்கு. அதுவும் தேவைதான், அடுத்தவர் வீட்டை ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிட்டுப் போகிற ஆட்களும் இந்த ஊரில் உண்டு. ஆனால் எப்படி இடிக்கப் போகிறீர்கள், பக்கத்துச் சுவர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, கீழே யார் நடமாடுவார்கள் என்கிற சங்கதியெல்லாம் நடைமுறையில் கான்ட்ராக்டர் பாடு என்று ஆகிவிட்டது.

அவர் கணக்கு வேறு. பழைய வீடென்றால் பல நேரம் உரிமையாளர் அவருக்குக் கூலி கொடுப்பதில்லை, அவர்தான் சாமானுக்கு விலை பேசி உரிமையாளருக்குப் பணம் கொடுக்கிறார். மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்த கூரை, போட்ட வீட்டில் அந்தக் கட்டைகள் தேக்கு, நிலை, கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் நல்ல விலை. அதனால் ஆட்கள் மேலே ஏறிக் காரையைக் கொத்தி, கட்டை கட்டையாக இறக்குவார்கள், மரம் பிளந்தால் நஷ்டம் அவருக்கு. பக்கத்து வீட்டுச் சுவர் பிழைத்ததுகூட அந்தத் தேக்கு மரத்தின் புண்ணியத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். கான்கிரீட் வீட்டில் அந்தக் கவலை கிடையாது, கம்பி எப்படி வளைந்தாலும் எடைக்குப் போய்விடும். ஹிட்டாச்சி என்கிற மண் அள்ளும் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் மாட்டிய உடைப்பான் பிரேக்கரை வைத்து ஒரு தூணைத் தட்டித் தளத்தை அப்படியே உட்கார வைத்துவிட்டால் மெஷின் வாடகை மிச்சம், நமக்கு வீடே குலுங்கும்.

விதி இல்லாமல் இல்லை. மேலிருந்து கீழே, தளம் தளமாக இறக்க வேண்டும், கரண்ட், தண்ணீர், சாக்கடை இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும், நடைபாதையில் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஐ.எஸ். 4130 என்கிற இந்தியத் தர விதி 1991லேயே விலாவாரியாகச் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் நான் பார்ப்பதோ, கழற்றிய மீட்டரை ஒரு பலகையில் அடித்து மதில் ஓரமாகச் சாய்த்து வைத்து, அதிலிருந்தே வேலைக்கு ஒயர் இழுப்பதைத்தான்.

2023 ஜனவரியில் ஆயிரம் விளக்கு அருகே அண்ணா சாலையில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கும்போது சுவர் நடைபாதையில் விழுந்து, வழியோடு போன ஓர் இளம்பெண் உயிரை விட்டார். அனுமதி இருந்ததா என்பதுதான் அப்போது நம்மில் பலர் கேட்ட முதல் கேள்வி. இருந்தால் மட்டும் அந்தச் சுவர் வேறு பக்கம் விழுந்திருக்குமா? இதே ஊர்தான் 2016 நவம்பரில் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடத்தை வெடிவைத்து இறக்கியது, சுற்றி இருந்தவர்களை முன்கூட்டியே வெளியேற்றி, சாலையை அடைத்து, அத்தனை ஏற்பாட்டோடு. பெரிய கட்டடம் என்றால் இவ்வளவும் தெரிகிறது. பத்தடிச் சந்துக்குள் இரண்டு மாடி வீட்டை இடிக்கும்போது, நாளைக்குக் காலையில் மெஷின் வருகிறது என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்வதற்குக்கூட ஆளில்லை.

இடிபாடு போகிற இடம் தனிக் கதை. ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னோ கழிவு வருமென்றால் இடிக்கும் முன்பே அதற்குத் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மத்திய அரசு 2016லேயே விதி போட்டது. சதுர மீட்டருக்கு அரை டன் என்று வைத்தால் 2,000 சதுர அடி வீடு சுமார் 90 டன். அந்த விதிப்படி மாதக் கணக்கில் தப்பிவிடும், நாள் கணக்கில் இரண்டு மூன்று டிப்பர் போனாலே மாட்டும். அந்தத் திட்டத்தை மேஸ்திரியிடம் கேட்டால் சிரிப்பார். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்துப் பிரிக்கிற ஆலைகள் இருக்க, பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில் இன்னமும் குவியல் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உடனே இன்னொரு சான்றிதழா, இன்னொரு கவரா என்று சிலர் கேட்பார்கள், நியாயமான பயம். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது புதுக் கையெழுத்து எதுவும் இல்லை. இடிக்க ஆரம்பிக்க ஒரு வாரம் முன்னால் இரு பக்கத்து வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் எழுத்தில் தகவல் போக வேண்டும். அவர்கள் சுவரை அப்போதே போட்டோ எடுத்து இரு தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால், விரிசல் புதுசா பழசா என்று பிறகு சண்டை இருக்காது. அப்புறம் அனுமதி எண், கான்ட்ராக்டர் பெயர், போன் நம்பர், வேலை நேரம், இடிபாடு எங்கே போகிறது என்பதெல்லாம் வாசலில் எழுதி இருக்க வேண்டும். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லக் கூப்பிடுகிறவருக்கு இதெல்லாம் கையில் இருக்கும். போர்டு செலவு என்று பில்டர்கள் சொல்ல முடியாது, ஒரு செங்கல் இறங்குவதற்கு முன்பே புது ஃப்ளாட்டின் கலர் படத்தை மதில் உயரத்துக்கு வைத்துவிடுகிறார்கள், அதன் கீழேயே கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை 33