அலாரம் அடித்தவனிடம் விளக்கம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் ஆயத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் போலீஸ் வருகிறது, தீயணைப்புத் துறை வருகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. அந்த வண்டிகளுக்கு கேட்டைத் திறந்துவிடுகிற செக்யூரிட்டி மட்டும் எங்குமே வரவில்லை. பதினெட்டு வருடம் அந்த வேலையில் இருந்தவன், அதில் கடைசி ஏழு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசர் என்பதால் எழுதுகிறேன்.

எந்தக் கட்டடத்தில் எது நடந்தாலும் பெரும்பாலும் முதலில் தெரிய வருவது செக்யூரிட்டிக்குத்தான். கருகல் வாடை, உடைந்த பூட்டு, மூன்று நாளாக எடுக்காமல் நிற்கிற கார். வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரை அந்தச் சில நிமிடங்கள் அவர் பொறுப்பு. அப்போது அவர் என்ன செய்கிறார்? மேலதிகாரிக்குப் போன் போடுகிறார். எடுக்கவில்லை என்றால் மறுபடியும் போடுகிறார்.

அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன், மூன்றாவது மாடியில் வயர் கருகும் வாடை வருகிறது என்று கண்ணாடியை உடைத்து அலாரம் அடித்துவிட்டான். நைட் ஷிப்டில் இருந்த இருபது பேரும் பதறிப்போய்ப் படியிறங்கி வந்தார்கள். தேடிப் பார்த்தால் ஒரு டியூப்லைட்டின் சோக் சூடாகிப் புகைந்திருந்தது, அவ்வளவுதான். காலையில் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டது. நான் அவனைக் கூப்பிட்டு, “யாரைக் கேட்டு அடிச்சே?” என்று கேட்டு, விளக்கம் எழுதி வாங்கி ஃபைலில் போட்டேன். அப்புறம் அந்த ஷிப்டில் ஒருவரும் அலாரம் பக்கமே போகவில்லை. தீ அலாரம் பேனலில் பஸ்ஸர் கத்தினால் ‘சைலன்ஸ்’ பட்டனை அமுக்கிவிட்டு, ரிஜிஸ்டரில் ‘ஆல் ஓகே’ என்று எழுதி வைப்பார்கள். பேனலில் அத்தனை பட்டன் இருந்தும், எழுத்து அழிந்து வழவழவென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

2017 மே 22 அன்று பிரிட்டனில் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். பெரிய பையோடு உட்கார்ந்திருந்த ஆளைக் கண்டு சந்தேகப்பட்ட ஒருவர், அங்கிருந்த பணியாளரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். விஷயம் இன்னொரு செக்யூரிட்டி இளைஞருக்கும் போனது. இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையைப் பிடிக்க முயன்றும் கிடைக்கவில்லை என்று அந்த இளைஞர் பின்னால் சொன்னார். தன் கணிப்பு தப்பாகப் போனால் இனவெறியன் என்று பேர் வாங்க வேண்டியிருக்குமே என்ற பயமும் இருந்ததாகச் சொன்னார். அந்த இடத்தில், நான் விளக்கம் எழுதி வாங்கிய பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிரானவர் ரிக் ரெஸ்கோர்லா. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர். அங்கே 1993இல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஊழியர்கள் முணுமுணுத்தாலும் விடாமல், திரும்பத் திரும்ப எல்லோரையும் படி வழியாக இறங்கிப் பழக வைத்தார். 2001 செப்டம்பர் 11 காலையில் பக்கத்துக் கோபுரம் எரிகிறது. இவர்கள் கோபுரத்தில் ‘அவரவர் இடத்திலேயே இருங்கள்’ என்று அறிவிப்பு வருகிறது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஏறத்தாழ 2,700 ஊழியர்களை இறங்கச் சொன்னார். அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று மறுபடி மேலே ஏறிப் போனவர் திரும்பவில்லை. ஆனால் அவர் பெரிய பதவியில் இருந்தவர். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் செக்யூரிட்டி ஒருவர் அப்படி அறிவிப்பை மீறினால் மறுநாள் வேலை இருக்குமா?

சரியாகச் செய்தவருக்கும் நிம்மதி இல்லை என்பது இன்னொரு கொடுமை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது பூங்காவில் கிடந்த பையைக் கண்டு போலீசுக்குச் சொல்லி, சுற்றியிருந்தவர்களை விலக்கியவர் ரிச்சர்ட் ஜுவெல் என்ற செக்யூரிட்டி. குண்டு வெடித்த மூன்றே நாளில் பத்திரிகைகள் அவரையே சந்தேக நபராக்கின. அவர்மேல் குற்றமில்லை என்று எழுத்தில் வர 88 நாள் ஆனது.

செக்யூரிட்டிக்குப் போலீஸ் அதிகாரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. லத்தி கையில் ஏறினால் சிலர் எப்படி மாறுவார்கள் என்று பார்த்திருக்கிறேன். நான் கேட்பது ரொம்பச் சின்னது: அலாரம் அடிக்க, ஆட்களை வெளியேற்ற, நேராகத் தீயணைப்புக்குப் போன் செய்ய அவருக்கு எழுத்தில் அனுமதி. தப்பாகப் போனாலும் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்ற உறுதி.

பிரிட்டனில் 2025இல் வந்த ‘மார்ட்டின் சட்டம்’, மான்செஸ்டரில் மகன் மார்ட்டினை இழந்த ஃபிகன் மர்ரே விடாமல் போராடிப் பெற்றது. 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்களில் ஆட்களை எப்படி வெளியேற்றுவது, எப்படி உள்ளேயே பத்திரப்படுத்துவது, எப்போது கதவடைப்பது, எப்படித் தகவல் சொல்வது என்பதற்கெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஏற்பாடு தாளில் இருந்தால் போதாது. காண்ட்ராக்ட் மாறி மாறிப் புது ஆட்கள் வந்தால், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்றே தெரியாது. ஏஜென்சியிடம் ‘எத்தனை தலை?’ என்று கேட்பவர்கள், அந்தத் தலைகளுக்குக் கட்டடம் தெரியுமா என்று கேட்பதில்லை. டபுள் டியூட்டி பார்த்துக் கண் சொருகி உட்கார்ந்திருப்பவரிடம் ஆயத்தம் பற்றிப் பேசி என்ன பயன்?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் பேனலுக்கு மேல் ஒரு தாள் ஒட்டினேன். ‘சந்தேகம் வந்தால் அடி. யாரையும் கேட்காதே. பொறுப்பு என்னுடையது’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். எனக்குப் பின் வந்தவர் முதல் நாளே அதைக் கிழித்துவிட்டதாகக் கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர்