வேபர் என்றால் நெசவாளர்

குமாரபாளையம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கல்யாணத்தைப் பதிவு பண்ணும்போது உங்க பெயரையே வச்சுக்கட்டுமாப்பா, அவர் குடும்பப் பெயரை எடுத்துக்கட்டுமா?" என்றாய். "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். மனசு கொஞ்சம் சுருங்கியது உண்மைதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்ததால், ஏழு வருஷமாக ஜெர்மனியில் அந்த ஊரே உன்னை என் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறது. உனக்கு அது சங்கடமாக இருந்திருக்கலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று ராத்திரி அந்தத் தம்பியின் குடும்பப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வேபர். முப்பத்தொரு வருஷம் இயற்பியல் வாத்தியாராகப் பன்னிரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதிய பெயர். நாம் வெபர் என்று சொல்வோம், காந்தப் பாயத்தின், அதாவது ஒரு பரப்பின் வழியே போகும் காந்தப்புலத்தின் அளவுக்கான அலகு. ஒரே சுற்றுள்ள கம்பிச்சுருளில் பாயம் ஒரு வினாடிக்கு ஒரு வெபர் என்று சீராக மாறினால் அங்கே ஒரு வோல்ட் மின்னியக்கு விசை தூண்டப்படும். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் தேடியதில்லை. இப்போதுதான் தேடினேன். நெசவாளர் என்று அர்த்தம்.

உன் தாத்தா குழித்தறியில் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்காது. நீ பிறக்கும் முன்பே அவர் விசைத்தறிக் கூடத்துக்குக் கூலிக்குப் போய்விட்டார். நான் சின்ன வயசில் விடிவதற்கு முன் எழுந்து, தறி நாடாவுக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். கையில் சாயமும் கஞ்சி வாடையும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியார் எல்லோரையும் எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டார். நான் "ஜவுளி வியாபாரம்" என்றேன். கல்லூரியிலும் அதையே சொன்னேன். வேலைக்குச் சேர்ந்தபோதும் அதையே சொன்னேன். தாத்தாவுக்கு இது தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை நான் உன்னிடமும் சொன்னதில்லை, கண்ணு.

ஜெர்மனியில் அதிகமாக இருக்கும் குடும்பப் பெயர்களைப் பார். முல்லர் மாவு அரைப்பவர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெய்பவர். எந்தக் காலத்திலோ ஒரு பாட்டன் செய்த வேலை பெயராக ஒட்டிக்கொண்டு, இன்று வாசல் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒரே பெயர் இருப்பதால் எல்லோரும் உறவு என்றில்லை. ஊருக்கு ஊர் நெசவாளர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நீ இருக்கும் கோட்டிங்கனிலேயே எங்கள் அலகுக்காரர் இருக்கிறார். வில்ஹெல்ம் வேபர், 1804இல் விட்டன்பர்க்கில் பிறந்தவர். கணித மேதை காவுஸ் உட்கார்ந்திருக்க இவர் பக்கத்தில் நிற்கும் சிலை ஒன்று உங்கள் ஊரில் உண்டு, நீ பார்த்திருப்பாய். 1833இல் இருவரும் சேர்ந்து, வானாய்வகத்திலிருந்து இயற்பியல் கூடம் வரை ஊர்க் கூரைகளுக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பினார்கள். படித்தபோது எனக்கு நம் தெருவில் காலையில் பாவு, அதாவது தறியின் நெடுக்கு நூல், நீட்டுவது கண்ணில் வந்தது. ஆனால் அவரிடம் எனக்கு அதைவிடப் பிடித்தது 1837. ஹானோவர் மன்னர் அரசியல் சாசனத்தை ரத்து செய்தபோது எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட ஏழு பேராசிரியர்களில் அவர் ஒருவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் அந்த ஏழில் உண்டு. ஏழு பேருக்கும் வேலை போயிற்று. இவர் மறுபடி அங்கே பேராசிரியராகத் திரும்பியது 1849இல்தான். இத்தனை வருஷம் அவர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்தியிருக்கிறேன், இந்தக் கதையை ஒரு வகுப்பிலாவது சொல்லியிருக்கலாம்.

அவருடைய அண்ணன் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர், லைப்சிக்கில் உடற்கூறு பேராசிரியர். தொடு உணர்வை அளந்தவர். காம்பஸின் இரண்டு முனைகளையும் தோலில் வைத்து, எவ்வளவு தள்ளி வைத்தால் அவை இரண்டு என்று தெரிகிறது எனப் பார்த்தார். முதுகில் சில சென்டிமீட்டர் விலக வேண்டும், விரல் நுனிக்கு இரண்டு மில்லிமீட்டரே போதும். தாத்தா இருட்டில் பாவின் மேல் விரலை ஓட்டி அறுந்த இழையைக் கண்டுபிடிப்பார். விளக்கு கொண்டு வரட்டுமா என்றால் வேண்டாம் என்பார். அந்த விரலைத்தான் நான் வகுப்பில் மறைத்தேன்.

இன்னொன்று. போன வருஷம் காது மருத்துவரிடம் போனேன் அல்லவா? அதிரும் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்து எந்தப் பக்கம் சத்தமாகக் கேட்கிறது என்று கேட்டார். வலது பக்கம் என்றேன். இடது காது நரம்பு தேய்ந்திருக்கிறது என்றார். அதுவும் வேபர் சோதனையாம், இந்த அண்ணன் பெயர்தான். கல்லூரி விடுமுறையில் விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை பார்த்ததன் மிச்சமாக இருக்கும்.

சமூகவியல் படித்த உன் தோழி சொல்லுவாளே, அந்த மாக்ஸ் வேபர் வேறு குடும்பம். அவருடைய தாத்தா பீலஃபெல்டில் லினன் துணி வியாபாரி. நான் பொய்யாகச் சொன்ன ஜவுளி வியாபாரம் அவர்கள் வீட்டில் நிஜம். பெரியப்பா ஓர்லிங்ஹவுசன் என்ற ஊரில் நெசவாலை வைத்திருந்தார். 1908இல் மாக்ஸ் அந்த ஆலைக்கே போய், தறி ஓட்டுகிறவர்களின் உற்பத்தி நாளுக்கு நாள் ஏன் கூடிக் குறைகிறது என்று கணக்குப் பார்த்தார். மதங்களைப் பற்றி, இந்தியாவைப் பற்றிக்கூட, அவ்வளவு எழுதிய மனிதர் தறிக் கணக்கில் இத்தனை பொறுமையாக உட்கார்ந்தார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மற்றவர்களைச் சீக்கிரம் சொல்கிறேன். இசையமைப்பாளர் கார்ல் மரியா ஃபான் வேபர். மொசார்ட்டின் மனைவி கொன்ஸ்டான்ஸும் பிறந்த வீட்டில் வேபர்தான், கார்ல் மரியாவுக்குச் சித்தப்பா பெரியப்பா உறவில் அக்கா. பழைய ரேஸ் கார்களில் வரும் வேபர் கார்புரேட்டர், இத்தாலியின் பொலோன்யாவில் எடோவார்டோ வேபர் தொடங்கியது. உங்கள் பக்கம் தோட்டத்தில் கறி சுடும் மூடி போட்ட வேபர் அடுப்பு, சிகாகோவில் வேபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் 1952இல் மிதவையின் உருண்டையை வெட்டிச் செய்தது.

ஆனால் இவர்கள் யாரையும்விட என்னைத் தூங்கவிடாதவர்கள் சிலேசியாவின் நெசவாளர்கள். இவர்களுக்கு வேபர் என்பது வேலை. இன்று போலந்தில் இருக்கும் பகுதி அது. 1844 ஜூனில், கூலியைக் குறைத்துக்கொண்டே போன வியாபாரியின் வீட்டையும் கிடங்கையும் உடைத்தார்கள். ராணுவம் வந்து லாங்கன்பீலாவில் சுட்டதில் 11 பேர் செத்தார்கள். வீட்டில் தறி, நூல் கொடுப்பவன் ஒருவன், துணியில் குறை சொல்லிக் கூலியைப் பிடிப்பவனும் அவனே. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் தாத்தா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், குறைந்த பணத்தோடு திரும்பி வருவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 2025 மே முதல் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்றாயே. அது உங்கள் இருவர் பாடு. என் மனசைக் கேட்டால், வேபரை எடுத்துக்கொள். என் பெயரை விட்டுவிடுகிறோமே என்று தயங்காதே. என் பெயரோடு நீ என்னை மட்டும்தான் சுமந்தாய். நான் வெளியே சொல்லக் கூசிய தாத்தாவின் வேலை, உன் வீட்டு வாசலில் எழுதியிருக்கட்டும். நேற்று உன் பெரியம்மா வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன ஆளுங்க?" என்று இழுத்தாள். "நெசவுக்காரங்க, நம்மளை மாதிரி" என்றேன். அம்பது வருஷத்தில் வெளியாள் காதுபடும்படி அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே இருந்தார்.

மாப்பிள்ளையின் பாட்டி இருக்கிறார் என்றாயே, அவர்கள் குடும்பத்தில் யாராவது கடைசியாகத் தறியில் உட்கார்ந்தது எந்தத் தலைமுறையில் என்று கேட்டு வை. தெரியாது என்றாலும் பரவாயில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது உன் பெயரோடு சேர்த்து அந்தப் பெயரை அவர்கள் சொல்கிற மாதிரியே ஒரு தடவை நிறுத்திச் சொல். நான் போனை வலது காதில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா