ரஷ்யா டூர் நடத்தறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: பீட்டர் பால் கோட்டைக்கு அரை நாள் குடுங்க

வணக்கம். தமிழ்நாட்டுலருந்து மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு குரூப் டூர் கூட்டிட்டுப் போற எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதறேன். எங்கள கூட்டிட்டுப் போனவங்க பேர் இங்க வேண்டாம், போயிட்டு வந்த மத்தவங்க சொல்ற குறையும் இதேதான்.

நெவா ஆத்துல இருக்கற முயல் தீவுல 1703 மே மாசம் ரஷ்யாவோட ஜார் மன்னர் மகா பீட்டர் இந்த பீட்டர் பால் கோட்டைய ஆரம்பிச்சதுலருந்துதான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஊருக்கே வரலாறு தொடங்குது. நீங்க அங்க காட்டறது கோட்டைக்குள்ள இருக்கற கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம் மட்டும். ஜார் மன்னர்கள் சமாதி, 122 மீட்டர் கோபுரம், குரூப் போட்டோ, உடனே பஸ். கதீட்ரல் அருமையான இடம்தான், இல்லேங்கல. ஆனா அந்த மன்னர்கள் யார யார உள்ள போட்டாங்கன்னு தெரியணும்னா கோட்டையோட மேற்குப் பக்கம் ட்ருபெட்ஸ்காய் பாஸ்டியன்ங்கற கொத்தளத்துல இருக்கற சிறைக்குப் போகணும்ல?

எங்கப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, முட்டி வலி. மில்லுல வேல பாத்துக்கிட்டே ரஷ்ய எழுத்தாளர் கார்க்கிய தமிழ்ல படிச்சு வளந்த மனுஷன். 1905ல கார்க்கிய அடைச்சு வச்சது இந்தச் சிறையிலதான், உள்ள இருந்துக்கிட்டே ஒரு நாடகமும் எழுதினார். லெனினோட அண்ணன் அலெக்சாண்டரையும் தூக்குல போடறதுக்கு முன்னாடி இங்கதான் வச்சிருந்தாங்க. பேசக்கூடாதுன்னு தனித்தனியா அடைச்சதால கைதிங்க சுவத்தத் தட்டித் தட்டியே பேசிக்கிட்டாங்களாம், அப்பா இத எனக்கு சின்ன வயசுலயே சொல்லியிருக்கார். சிறைக்குத் தனி டிக்கெட்னு நான் சொல்லி வச்சதால ரூபிள் நோட்ட சட்டப் பையில எடுத்து வச்சுக்கிட்டு, அந்தக் கல்லு பாவின தரையில மெதுவா நடந்து வாசல் வரைக்கும் வந்துட்டார். அப்பத்தான் உங்க ஆளு, "டைம் ஆயிடுச்சு சார், அங்க ஒண்ணுமில்ல, வெறும் ஜெயில்தான்"னு கூப்ட்டார். அப்பா ஒரு வார்த்த பேசல, திரும்பிட்டார்.

நரிஷ்கின் பாஸ்டியன்ல தினமும் மதியம் 12 மணிக்கு பீரங்கி சுடுவாங்க, அந்தச் சத்தத்தையும் நாங்க பஸ்ல உக்காந்துதான் கேட்டோம். கோட்டையோட நெவா வாசல் வளைவுக்குள்ள 1824 வெள்ளம் எவ்ளோ ஒசரம் வந்துச்சுன்னு குறிச்சு வச்சிருக்காங்க, அந்தப் பக்கமே போகல. ஆனா அன்னிக்கு சாயங்காலம் பொம்மையும் ஆம்பர் கல்லும் விக்கற கடையில கடைசி ஆள் பில் போடற வரைக்கும் பஸ் நின்னுச்சே, அதுக்கு மட்டும் டைம் எங்கருந்து வந்துச்சு? எந்த ஊர் டூர் போனாலும் இதே கததான், பாக்க வந்தத விட்டுட்டு வாங்க வைக்கறதுலயே நாள் போயிடுது. வயசானவங்க வருஷக்கணக்கா சேத்து வச்ச காசு இது. திரும்ப ஒருதடவ போக முடியுமா அவங்களால?

கோவத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிக்கணும். தயவுசெஞ்சு கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்க. சிறை டிக்கெட்டையும் பேக்கேஜ்லயே சேத்துடுங்க, கூட ஆகற காச நாங்க தர்றோம். முடியாதுன்னா "போட்டோ ஸ்டாப்"னு முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க, வேணும்கறவங்க தனியா இருந்து பாத்துட்டு மெட்ரோல ஹோட்டலுக்கு வந்துக்கறோம். அடுத்த குரூப் கிளம்பறதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க.