நம் மூலைப் பப் இப்போது பலசரக்குக் கடை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே லண்டன் ஈஸ்ட்ஹாமில் எல்லாரும் நலம், மகள் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறாள், வீட்டம்மா இப்போதே பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "நம்ம மூலைப் பப் இன்னும் இருக்கா?" என்று. இல்லை. 2012இல் மூடினார்கள், மூன்று வருடம் பலகை அடித்துக் கிடந்தது, அப்புறம் மாடியை ஃபிளாட்டுகளாகப் பிரித்துவிட்டுக் கீழே பலசரக்குக் கடை வைத்தார்கள். வெளிச்சுவரின் பச்சை ஓடுகளை மட்டும் யாரும் தொடவில்லை. நாம் நைட் ஷிஃப்ட் முடித்துச் சம்பள நாளில் கையை ஊன்றி நின்றோமே, அந்த கவுன்டர் இருந்த இடத்தில் இப்போது முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் அடுக்கியிருக்கிறார்கள். நல்ல கடைதான், நானும் அங்கேதான் வாங்குகிறேன், ஆனாலும் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் கண் அந்த மூலையைத் தேடுகிறது.

பெயின்டர் தாத்தாவை நினைவிருக்கிறதா? ஷூவில் எப்போதும் வெள்ளைச் சொட்டு, தலையில் வெஸ்ட்ஹாம் ஃபுட்பால் கிளப் தொப்பி. முதல் நாள் நாம் இருவரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கியதைப் பார்த்துவிட்டு, இங்கே அப்படி இல்லை, ஒருத்தன் எல்லாருக்கும் வாங்கணும், அடுத்த தடவை அடுத்தவன் என்று நமக்கு 'ரவுண்டு' சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நம் ஊர் டீக்கடையில் "நான் குடுக்குறேன், நீ வை" என்று சண்டை போடுவோமே, அதையே முறை வைத்துச் செய்கிறார்கள் என்று நீ சொன்னாய். எனக்கு இன்றுவரை அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

மூலைப் பப் போன பிறகு அவர் பார்க்கிங் (Barking) ரோட்டில் இன்னொரு பப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று நிறுத்திவிட்டார். உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்துக் கேட்டால், உடம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, என் ரவுண்டை என்னால் வாங்க முடியவில்லை என்றார். நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு ரவுண்டு இருபத்தைந்து பவுண்டு ஆகிறது, மற்றவர்கள் வாங்கித் தருவதைக் குடித்துவிட்டு எழுந்து போக அவருக்கு மனம் வரவில்லை. இப்போது சூப்பர் மார்க்கெட்டில் கேன் வாங்கி வந்து டிவி முன்னால் தனியாகக் குடிக்கிறார். ஒரு கேன் ஒன்றரை பவுண்டுக்குள் முடிந்துவிடுகிறது. அன்று வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை மாப்ளே.

அப்புறம் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2002 கடைசியில் நமக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4 பவுண்டு 20 பென்ஸ், நம் பப்பில் ஒரு பைன்ட், அதாவது ஒரு பெரிய கிளாஸ் பியர், இரண்டே காலுக்குள். 2025 ஏப்ரலில் கூலி 12.21 ஆனது, இந்தப் பக்கம் பைன்ட் ஆறேகால். அதாவது அன்றும் அரைமணி நேர உழைப்பு, இன்றும் ஏறக்குறைய அரைமணி நேர உழைப்பு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் விலை எங்கேயோ போய்விட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆனால் பென்ஷனை வைத்துப் பார். அடிப்படை அரசு பென்ஷன் 2002இல் வாரம் 75.50, அதில் 33 பைன்ட் வரும், 2025இல் 176.45, அதில் 28தான் வரும். இதில் தாத்தா சாப்பிடவும் வேண்டும், கரன்ட் பில் கட்டவும் வேண்டும். வேலைக்குப் போகிறவன் சமாளித்துக்கொள்வான். பகல் முழுக்கப் பப்பில் உட்கார்ந்து அதை ஊர்ச் சாவடி மாதிரி வைத்திருந்தவர்கள் வயதானவர்கள், அவர்களைத்தான் இந்த விலை முதலில் வெளியே தள்ளுகிறது.

பப் நடத்துகிறவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. நம் பப்பை நடத்திய ஐரிஷ் அம்மா மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் கணக்கு நோட்டைத் திறந்தே காட்டினார். கட்டடம் ஒரு பெரிய கம்பெனியுடையது, அவர்களுக்கு வாடகையும் கொடுக்கணும், பியரையும் அவர்களிடமே அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கணும். வெளியே அதே பீப்பாய் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் வாங்கக் கூடாது. 1989இல் பியர் காய்ச்சும் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பப்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்ததை உடைக்கத்தான் அரசு சட்டம் போட்டது. அவர்களும் பப்களைக் கைமாற்றினார்கள், ஆனால் பெரும்பாலும் வாங்கியது பியரே காய்ச்சாத, கட்டடமும் வாடகையும் மட்டுமே தெரிந்த கம்பெனிகள். சந்தை வாடகையை மட்டும் கொடுத்துவிட்டுப் பியரை வெளியே வாங்கிக்கொள்ளும் உரிமை 2016இல் வந்தது. அந்த அம்மாவுக்கு அது நாலு வருடம் தாமதம்.

இன்னொன்றும் சொல்லணும். பப் மூடியபோது அங்கே வழக்கமாக வந்த ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார், உங்கள் ஆட்கள் வந்தார்கள், பப் போச்சு என்று. ரொம்ப நாள் மனசில் கிடந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஈஸ்ட்ஹாமில் குடிக்காத குடும்பங்கள் நிறைய வந்தன, நம் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. 2001க்கும் 2016க்கும் இடையில் நம் நியூஹாம் பகுதியின் பப்களில் பாதிக்கு மேல் காணாமல் போயின, லண்டன் முழுக்கக் கால்வாசிதான். ஆனால் வெளியூர்க்காரர் யாருமே குடியேறாத கிராமங்களிலும்தானே பப்கள் மூடிக்கொண்டிருக்கின்றன? சௌத்தாலில் இதற்கு நேர்மாறாக, பஞ்சாபிக்காரர்கள் வந்து கிளாஸி ஜங்ஷன் என்ற பப்பையே நடத்தினார்களே, நீ நூறு ரூபாய் நோட்டை நீட்டியதும் அவர்கள் வாங்கிக்கொண்டதும் ஞாபகம் இருக்கா? அதுவும் போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் பிறகு தோசை சுட்டார்கள்.

வெஸ்ட்ஹாம் மைதானத்துப் பக்கத்துப் பப், போலின் டாவர்ன் மட்டும் உனக்கு நல்ல செய்தி. வெஸ்ட்ஹாம் 2016 மே 10இல் மான்செஸ்டர் யுனைடெடை 3-2 என்று ஜெயித்துத் தன் மைதானமான அப்டன் பார்க்கை விட்டுக் கிளம்பியது, 112 வருட மைதானத்தில் இப்போது ஃபிளாட்டுகள். ஆட்ட நாளில் ரோடு முழுக்க நின்ற கூட்டம் ஒரே நாளில் இல்லாமல் போனால் ஒரு பப் எப்படிப் பிழைக்கும் என்று நினைத்தேன். ஆனால் 2021இல் அந்தப் பப்பைப் புதுப்பித்துத் திறந்தார்கள். செதுக்கிய கண்ணாடித் தடுப்புகள், பின்அறையில் கூரையில் வண்ணக் கண்ணாடி, பார்த்தால் அசந்துபோவாய். சனிக்கிழமை போனேன். இளைஞர்கள், புதிதாக ஃபிளாட் வாங்கியவர்கள், நம் பையன்களும் நாலைந்து பேர் தங்கள் கேர்ள்ஃபிரண்டுகளோடு. அழகாகத்தான் இருந்தது. தாத்தா வயதில் யாரையும் காணோம்.

இப்போது புதன்கிழமைகளில் நான் பெயின்டர் தாத்தாவை வெதர்ஸ்பூன் என்ற மலிவு விலைப் பப்புக்குக் கூட்டிப்போகிறேன். கிட்டத்தட்டப் பாதி விலை, அவருடைய ரவுண்டை அவரே வாங்க முடிகிறது. இது ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுக்கிறார், ஆனால் போன வாரம் எனக்கு முன்னாலேயே வந்து, வாசல் தெரிகிற மேஜையாகப் பார்த்துப் பிடித்து வைத்திருந்தார். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒல்லிப் பையன் எனக்கு ஒரு ரவுண்டு பாக்கி வைத்துவிட்டுப் போனான் என்றார், 2006இல் நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் முறை வருவதற்குள் பப் மூடும் மணியை அடித்துவிட்டார்களாம். டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். அவருக்கு எண்பத்து மூன்று ஆகிறது, தள்ளிப்போடாமல் டிக்கெட் போடு.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் பழைய ரூம்மேட்